அலாஸ்கா வினாடி வினா: கேள்வி தயாரிப்பது எப்படி?

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு நான்தான் வினாடி வினா நடத்துகிறேன். அமெரிக்க மாநிலம் என்றால் அலாஸ்காவைத்தான் எடுப்பேன்.

தலைநகர் எது என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஜூனோ என்று ஒப்பித்துவிடுவார்கள். "தீவில் இல்லை, ஆனாலும் வெளியூரிலிருந்து சாலை கிடையாது, கப்பலோ விமானமோதான். எந்த மாநிலத் தலைநகர்?" என்று கேளுங்கள். மும்பைப் பிள்ளைகள் யோசிப்பார்கள்.

1867-இல் ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலருக்கு வாங்கியதைக் கேட்டால், நான்கு விடைகள் கொடுத்துவிடுங்கள். 1959-இல் மாநிலமானது முதல் சுற்றுக்குப் போதும்.

அப்புறம் கொடி. நீலத்தில் சப்தரிஷி மண்டலமும் துருவ நட்சத்திரமும். 1927-இல் கொடி வடிவமைப்புப் போட்டியில் வென்ற பென்னி பென்சன் ஒரு பள்ளிச் சிறுவன். அதைக் கடைசிச் சுற்றில் கேளுங்கள். எங்கள் பெரியவர்கள் ஒருவரும் நம்பவில்லை!