மணிக்குப் பூச்சி மாத்திரை போடுவது எப்படி

எங்களுடையது கோபி பக்கம், வாய்க்காலை ஒட்டின தோட்டத்து வீடு. மணி என்று ஒரு நாட்டு நாய், பேரே வைக்காத ஒரு பூனை, எத்தனை என்று அமுச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டி) மட்டுமே தெரிந்த கோழிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணிக்குப் பூச்சி மாத்திரை போட வேண்டும். ஏழெட்டு முறை தோற்ற பிறகுதான் எனக்கு வழி பிடிபட்டது, அதைத்தான் எழுதுகிறேன்.

எதுக்கு இந்தப் பாடு, அந்தக் காலத்தில் நாய்க்கு யார் மாத்திரை போட்டார்கள் என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நாய் படுத்து எழுந்த சாக்கில் வெள்ளையாக அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒருநாள் பாருங்கள். அது அரிசி இல்லை, நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சி கடிக்கிறதே என்று நாய் தன் ரோமத்தைக் கடித்துக் கடித்து அந்தப் பூச்சியையும் விழுங்கிவிடுகிறது, புழு அதற்குள் இருந்துதான் வருகிறது. அதனால் தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் திரும்ப வரும். கொக்கிப்புழு இன்னும் மோசம், நாய் வெளிக்குப் போன ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடந்தால் நம் தோலுக்குள்ளேயே ஏறி அரித்து எடுத்துவிடும். குட்டிகளுக்குத் தாய் வயிற்றிலிருந்தே புழு வந்துவிடுவதால், இரண்டு வாரத்திலிருந்தே மருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். குட்டி வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் நாள் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய நாய்க்கான கணக்கு அதற்குச் சரிவராது.

முதலில் எடை. கடையில் கிடைக்கும் நாய் மாத்திரைகள் பெரும்பாலும் பத்து கிலோவுக்கு ஒன்று என்கிற அளவு, எதற்கும் அட்டையைப் படித்துவிடுங்கள். தேங்காய் எடை போடும் தராசில் மணியை நிறுத்திப் பார்த்தோம். நிற்கிற நாயா அது? எண் வருவதற்குள் வாலை ஆட்டும், எண்ணும் கூடவே ஆடும். சுலப வழி, நீங்கள் மட்டும் ஏறி எடை பார்த்துவிட்டு, அப்புறம் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். நான் 71, மணியோடு 86. அப்போ மணி 15 கிலோ, ஒன்றரை மாத்திரை. நாயைத் தூக்கும்போது வீட்டில் ஒருத்தரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் அது என்னமோ நடக்கப்போகிறது என்று புரிந்துகொள்ளும்.

எல்லா முறையும் நான் கோட்டைவிட்ட இடம் அதுதான். மாத்திரையைவிட நம் மூஞ்சிதான் நாய்க்கு முதலில் தெரிகிறது. தினமும் "டேய், வாடா" என்று கூப்பிடுகிறவன் அன்றைக்கு மட்டும் "மணிக்கண்ணு, வா சாமி, எஞ்சாமியல்ல" என்று குழைந்தால் எந்த நாய் வரும்? மணி ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்க்கும், அப்புறம் எழுந்து சோம்பல் முறித்து, அவசரமே இல்லாத மாதிரி வாய்க்கால் மேட்டுக்குப் போய்விடும். பின்னாலேயே நான் ஓட, திண்ணையில் உட்கார்ந்திருந்த அமுச்சி சொன்னது: "ஏங்கண்ணு, நாயெத் தொரத்தற நேரத்துக்கு நாலு பாத்திக்குத் தண்ணி கட்டியிருக்கலாமல்ல." அதனால் அன்றைக்கும் வழக்கம்போல ஒரு திட்டு திட்டியே கூப்பிடுங்கள்.

அடுத்தது சத்தம். மாத்திரை அட்டையைப் பிதுக்கும்போது டப் என்று ஒரு சத்தம் வருமே, அது எங்கள் நாய்க்கு அரை பர்லாங்கு தூரத்திலும் கேட்கும். முந்தின நாள் ராத்திரியே, மோட்டார் ரூமில் வைத்துப் பிரித்து, பாதியாக உடைத்து, காகிதத்தில் மடித்து வைத்துவிடுங்கள். கத்தியை வைத்து அமுக்கினால் பாதி மாத்திரை பறந்து வாசலில் விழும், கோழி வந்து கொத்திப் பார்க்கும். மாத்திரையில் கோடு போட்டிருந்தால் அதன்மேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்து ஒடித்தால் போதும்.

இனி எதற்குள் வைத்துக் கொடுப்பது? இட்லியில் வைத்தேன். இட்லியை முழுவதும் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் வட்டலின் ஓரத்தில், நக்கிச் சுத்தம் செய்து, வைத்துவிட்டுப் போனது. பிஸ்கட் உதிர்ந்துவிடும். கடைசியில் கைகொடுத்தது ராகிக் களி. களியை மனுசனே மெல்லாமல் முழுங்குகிறான், நாய்க்குச் சொல்லவா வேண்டும். நன்றாக ஆறினதும் நெல்லிக்காய் அளவில் நாலைந்து உருண்டை பிடியுங்கள். முதல் உருண்டையில் ஒன்றும் வைக்காதீர்கள், அது நம்பிக்கைக்கு. மாத்திரைத் துண்டு வைத்த உருண்டையைக் கொடுக்கும்போதே அடுத்த உருண்டை மறு கையில் அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதைப் பிடிக்கிற அவசரத்தில் வாயில் இருப்பது உள்ளே போய்விடும். கடைசி உருண்டையும் வெறும் களியாக இருக்கட்டும். மாத்திரை தொட்ட விரலால் மற்ற உருண்டைகளைப் பிடிக்காதீர்கள், கசப்பு ஒட்டினால் ஆட்டம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கோழி ஈரலிலும் வைக்கலாம், ஆனால் குழம்பிலிருந்து எடுத்ததாக வேண்டாம். வெங்காயம் நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது, ரத்த அணுக்களையே உடைத்துவிடும்.

களிக்கும் மசியாத நாய் என்றால் நேரடியாகத்தான். மேல்தாடையைப் பிடித்து மூக்கை மேலே தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். மாத்திரையை நாக்கு மேட்டைத் தாண்டி உள்ளே வைத்து, வாயை மூடி, தொண்டையை மெதுவாகத் தடவிக்கொடுங்கள். நாய் தன் மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும்தான். மணி மூக்கை நக்கிக் காட்டிவிட்டுப் போய் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் துப்பியது, நான் கண்ணால் பார்த்தேன். மாட்டுக்கு மருந்து ஊற்றுகிற மூங்கில் கொட்டத்தை மட்டும் எடுத்துவராதீர்கள், புரையேறிவிடும். மாட்டுக்கு வாங்கி வைத்த குடற்புழு மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று நினைப்பதும் வேண்டாம்.

பூனைக்கு வேறு மாத்திரை, வேறு அளவு. பழைய துண்டில் கழுத்துவரை சுருட்டிக்கொண்டு வாயில் போட்டபின், ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு 5 மில்லி தண்ணீர் விடுங்கள், இல்லையென்றால் மாத்திரை தொண்டைக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும். கசப்புக்கு நுரை நுரையாகத் தள்ளும், அதைப் பார்த்து பயந்து ஊரைக் கூட்ட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: மனுசனுக்கான பாரசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு விஷம்.

போட்டு முடித்ததும் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்துவிடுங்கள். முந்தின நாள் ராத்திரியே பிரித்து வைப்பதால் என் பக்கமிருந்து இப்போது சத்தமே இல்லை. ஆனால் அப்பா தினமும் காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறவர், அவர் அட்டையைப் பிதுக்கினால் மணி டிராக்டருக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டு மத்தியானம் வரை வருவதில்லை, சோத்துக்கும் வருவதில்லை. அதனால் அவர் சொம்பில் தண்ணீரோடு கட்டுத்தறி தாண்டிப் போய், எருமைக்கு அந்தப்பக்கம் நின்றுதான் மாத்திரையைப் பிரிக்கிறார்.