டாக் வாங்கும் முன் ஒரு வால்யூம் கணக்கு

மின்னிலக்க ஒலியை அனலாக் மின்னழுத்தமாக மாற்றித் தரும் கருவியை டாக் என்ற பெயரிலேயே கடைக்காரரும் வாங்குபவரும் அழைக்கிறார்கள். நம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989ல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கணினியில் பொருத்திப் பாட்டுக் கேட்டவர்கள், அந்தப் பெயரை அறியாமலேயே ஒரு டாக்கை வைத்திருந்தவர்கள்தாம். இன்று கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது உள்ளே இருக்கும் சிப் ஈஎஸ்எஸ் நிறுவனத்துடையதா, ஏகேஎம் நிறுவனத்துடையதா என்பதை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் ஆலை தீக்கிரையானபோது பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளை ஈஎஸ்எஸ் சிப்புக்கு மாற்றி வடிவமைத்தன. ஜெர்மனியின் ஆர்எம்இ தயாரிக்கும் ஏடிஐ-2 டாக்கும் அவற்றில் ஒன்று. சிப் மாறியும் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. எனவே, சிப் எது என்ற கேள்வியை நான் ஐந்தாவது இடத்தில்தான் வைப்பேன். வால்யூம் கட்டுப்பாடு உள்ள டாக்கை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, தம் வீட்டில் அந்த வால்யூம் அன்றாடம் எந்த எண்ணில் நிற்கப்போகிறது என்பதே.

அதற்கும் முன்பாக, அந்த வசதி உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே வால்யூம் குமிழோடு கூடிய ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தால், வெளியீடு மாறாத சாதாரண டாக்கே போதும். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம். டாக்கிலிருந்து நேராக, ஒலியைப் பெருக்க மட்டும் செய்யும் பவர் ஆம்ப்ளிஃபயருக்கோ (பவர் ஆம்ப்), ஆம்ப் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கருக்கோ இணைப்புக் கொடுப்பவருக்குத்தான் வால்யூம் தேவைப்படுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் தொலைக்காட்சிப் பேழைக்கு இருபுறமும் ஆக்டிவ் ஸ்பீக்கர் வைப்பவர்கள் இந்த இரண்டாம் வகையில் அடங்குவார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். உங்கள் ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் ஒலி கேட்கும். நான்கறை வீட்டின் சோபா ஏறத்தாழ மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரத்தால் குறைவதையும், இரண்டு ஸ்பீக்கர்களாலும் சுவர்களாலும் கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால், அதே 2.83 வோல்ட்டுக்குச் சோபாவில் சுமார் 82 டெசிபல் வந்து சேரும். மாலை வேளையில் நிறைவாகக் கேட்பதற்குச் சராசரி 70 டெசிபல் போதுமானது. அது 12 டெசிபல் குறைவு என்பதால் மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்காகி, ஸ்பீக்கரின் முனையில் 0.7 வோல்ட் இருந்தால் போதும். வழக்கமான பவர் ஆம்பின் பெருக்கம் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு. ஆகவே அதன் உள்ளீட்டுக்குத் தேவைப்படுவது வெறும் 0.035 வோல்ட். பதிவுகளின் சராசரி, உச்சத்தைவிட 15 டெசிபல் அளவுக்குத் தாழ்ந்திருக்கும் என்று கொண்டால், உச்சத்தில் டாக் தர வேண்டியது 0.2 வோல்ட். ஆர்சிஏ என்னும் வழக்கமான இணைப்பு முனையில் டாக் முழுமூச்சில் தருவதோ 2 வோல்ட். பத்து மடங்கு என்பது 20 டெசிபல்; முழு வால்யூமை 0 என்று கொண்டால் உங்கள் வால்யூம் மைனஸ் 20ல் நிற்கும். மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் முனையில் 4 வோல்ட் வருவது வழக்கமாதலால், ஆம்பின் அந்த உள்ளீட்டில் பெருக்கம் குறைக்கப்படாதவரை, மைனஸ் 26ல் நிற்கும். இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குத் தொல்லை தராமல் 55 டெசிபலில் கேட்கும்போது இந்த எண்கள் மைனஸ் 35, மைனஸ் 41 என்று இறங்கிவிடும்.

இந்த எண் ஏன் முக்கியம்? மின்னிலக்க வால்யூம், டாக்கின் அனலாக் பகுதிக்கு முன்னால் வேலை செய்வதால், நீங்கள் ஒலியைக் குறைக்கும்போது பாட்டு மட்டும் தாழ்கிறது. அனலாக் பகுதியின் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால், அந்த இரைச்சல் உண்மையில் காதில் விழுமா என்பதையும் கணக்கிட்டே பார்க்கலாம். 2 வோல்ட்டுக்கு 120 டெசிபல் கீழே இரைச்சல் இருப்பதாக அளவீடு சொன்னால் அது 2 மைக்ரோவோல்ட். இருபது மடங்கு பெருகி ஸ்பீக்கரில் 40 மைக்ரோவோல்ட் ஆகிறது. நம் 87 டெசிபல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டர் தூரத்தில் மைனஸ் 10 டெசிபல், எந்த மனிதக் காதும் கேட்க முடியாத அளவு. அதே கணக்கில் இரைச்சல் விகிதம் 100 டெசிபல் மட்டுமே உள்ள மலிவான டாக் 10 டெசிபல் இரைச்சலைத் தரும். ஸ்பீக்கரில் உயர் சுருதிகளை ஒலிக்கும் சிறு பகுதியான டுவீட்டரில் காதை ஒட்டினால் மட்டுமே தெரியும். 100 டெசிபல் உணர்திறன் கொண்ட ஹார்ன் ஸ்பீக்கரில் அது 23 டெசிபல் ஆகிவிடும். குளிர்சாதனத்தை நிறுத்திய இரவில், தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில், அந்த 'உஸ்' ஒலி நிச்சயமாகக் கேட்கும். ஆகவே, சாதாரண உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் வைத்திருப்பவர், அளவீடு நன்றாக உள்ள டாக்கின் மின்னிலக்க வால்யூமைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஹார்ன் ஸ்பீக்கர்காரர்தான், பாட்டோடு இரைச்சலையும் சேர்த்துக் குறைக்கும் அனலாக் வால்யூமுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்.

வால்யூமைக் குறைத்தால், ஒலியின் அளவைக் குறிக்கும் எண்ணின் இலக்கங்களான பிட்டுகள் போய்விடும் என்ற பழைய அச்சம் இன்னும் உலவுகிறது. ஒரு பிட் என்பது சுமார் 6 டெசிபல். 16 பிட் குறுவட்டின் ஒலி 24 பிட் பாதையில் பயணிக்கும்போது 8 பிட்டுகள் உபரியாக இருப்பதால், மைனஸ் 48 வரை எதுவும் உதிர்வதில்லை; இன்றைய சிப்புகள் உள்ளே 32 பிட்டில் கணக்கிடுகின்றன. இழப்பு நேர்வது வேறோர் இடத்தில்: கணினியின் வெளியீட்டை 16 பிட்டில் விட்டுவிட்டு, அங்கேயே வால்யூமையும் பாதியாகக் குறைப்பவர்களிடம். கணினியில் 24 பிட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் வால்யூமை முழுமையாக ஏற்றிவிட்டு, டாக்கில் மட்டும் குறையுங்கள்.

அனலாக் வால்யூம் என்றாலே உயர்வு என்ற எண்ணமும் முழுச் சரியன்று. ஆல்ப்ஸ் நிறுவனத்தின் நீலநிற ஆர்கே27 போன்ற நல்ல பொட்டென்ஷியோமீட்டர்கூட (குமிழைத் திருப்ப மாறும் மின்தடை) குமிழின் தொடக்கப் பகுதியில் இடத்துக்கும் வலத்துக்கும் சமமாக இருப்பதில்லை. நடுவில் நின்று பாட வேண்டிய குரல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். மேலே நாம் போட்ட கணக்கின்படி, நீங்கள் இரவில் கேட்பது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். போதாததற்கு, ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில், சன்னல் திறந்த அறையில் வைத்த குமிழ் சில ஆண்டுகளில் திருப்பும்போதெல்லாம் கரகரக்கத் தொடங்கும். ரிலேக்களால் மின்தடைகளை மாற்றி மாற்றி இணைக்கும் ஏணி வகையில் இடவல வேறுபாடு மிகக் குறைவு. விலை கூடுதல், ஒவ்வொரு படிக்கும் 'டிக்' என்ற ஓசையும் எழும். அந்த ஓசை எனக்குப் பிடிக்கும். என் வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

முகப்பில் பெரிய குமிழ் இருப்பதாலேயே அது அனலாக் வால்யூம் ஆகிவிடாது என்பதையும் கவனியுங்கள். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போகும் குமிழ், வால்யூமைக் கூட்டவோ குறைக்கவோ உள்ளிருக்கும் சிப்புக்குச் சொல்லும் பொத்தான் போன்றதே. பெரும்பாலான கருவிகளில் அதன் பின்னே நடப்பது சிப்பின் மின்னிலக்கக் கணக்குதான். அதில் தவறில்லை. அதை அனலாக் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழிதான் எனக்கு மிக உகந்ததாகப் படுகிறது. ஏடிஐ-2 டாக்கில் அனலாக் வெளியீட்டின் உச்சத்தை 6 டெசிபல் இடைவெளியில் நான்கு நிலைகளுக்கு மாற்றலாம். நீங்கள் வால்யூமைத் திருப்பும்போது கருவியே பொருத்தமான நிலைக்குத் தாவி, எஞ்சியதை மட்டும் மின்னிலக்கமாகக் குறைக்கிறது. இத்தகைய வசதி இல்லாத டாக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் மனம் தளர வேண்டாம். ஆம்பின் உள்ளீட்டில் செருகி, மின்னழுத்தத்தை 10 டெசிபல் தாழ்த்தும் அட்டெனுவேட்டர் ஒரு சோடி அதே வேலையைச் சிறு செலவில் செய்துவிடும். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் குறையும், வால்யூமும் மைனஸ் 35லிருந்து மைனஸ் 25க்கு ஏறும். ஆக்டிவ் ஸ்பீக்கரின் பின்புறக் குமிழைப் பாதிக்குக் குறைப்பதும் இதே தந்திரம்தான்.

விவரப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றை என் செலவில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் துணி தேய்க்கும்போது வீட்டின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சுவிட்சைத் தூக்கிவிட்டதும், அதுவரை மைனஸ் 30ல் பாடிக்கொண்டிருந்த என் டாக், தன் பழைய எண்ணை மறந்து, வால்யூம் இல்லாத முழு வெளியீட்டு நிலையில் விழித்துக்கொண்டது. தொலைக்காட்சி தானாக இயங்கத் தொடங்கியதும் விளம்பரத்தின் முதல் சொல் பீரங்கி வெடித்ததுபோல் வந்தது. இடப்பக்க டுவீட்டர் அதோடு ஓய்ந்தது. எனவே கடையிலேயே செய்து பாருங்கள்: வால்யூமைத் தாழ்வாக வைத்துவிட்டு, ஸ்பீக்கரை இணைக்காமல், டாக்கின் மின்கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள். பழைய எண்ணிலேயோ அதைவிடத் தாழ்ந்தோ விழித்தால் நல்லது. தொடக்க வால்யூமையும் உச்ச வரம்பையும் நாமே அமைக்க முடிந்தால் இன்னும் நல்லது. முழு வெளியீட்டு நிலைக்கும் வால்யூம் நிலைக்கும் ரிமோட்டின் ஒரே பொத்தானில் தாவும் கருவியை, குழந்தைகள் உள்ள வீட்டில் பவர் ஆம்போடு நேராக இணைக்காதீர்கள்.

ரிமோட் பெட்டியிலேயே வருகிறதா என்று பாருங்கள். ஒரு படி அரை டெசிபலாக இருந்தால் போதும்; இரண்டு டெசிபல் என்றால் ஒருபோதும் மனநிறைவு வராது, ஒரு படி குறைவாகவும் அடுத்த படி அதிகமாகவும் தோன்றும். தொலைக்காட்சியின் ஆப்டிக்கல் வெளியீடு பல பெட்டிகளில் மாறாத அளவிலேயே வருவதால், தொலைக்காட்சிக்கும் டாக்கின் ரிமோட்டையே பயன்படுத்த வேண்டியிருக்கும். வீட்டில் மூத்தவர்கள் அதை எளிதாகக் கையாள முடியுமா என்பதையும் எண்ணிப் பார்க்கவும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில், சுருக்கப்படாத ஒலியைக் குறிக்கும் பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால், சாதாரண டாக்குக்கு டால்பி மொழி புரியாததால் ஒலியே வராது, அல்லது இரைச்சல் மட்டும் வரும்.

உள்ளீடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கணினிக்கு யுஎஸ்பி, தொலைக்காட்சிக்கு ஆப்டிக்கல் அல்லது தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி. மூன்று முனைச் செருகியுள்ள மடிக்கணினியை யுஎஸ்பியில் இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால், அது பெரும்பாலும் மண்ணிணைப்பு வட்டத்தால், அதாவது கருவிகளின் மண்ணிணைப்புகள் கம்பிகள் வழியே வளையமாகச் சேர்வதால், வருவது. கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் ஆப்டிக்கல் கம்பிக்கு மாறுங்கள், செம்பு இல்லாத அந்தக் கம்பி வழியே மின்சாரம் சுற்ற முடியாது.

கேட்டுப் பார்த்து வாங்க விரும்புபவர் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கடைத்தொகுதிக்குச் செல்லலாம்; ஹைஃபை கடைகள் பல அங்கே ஒரே கூரையின் கீழ் உள்ளன. வார நாளின் பிற்பகலில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, உங்கள் ஆம்பையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு டாக்குகளை ஒப்பிடும்போது, அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது உரக்கக் கேட்பதாகத் தோன்றாது, மேலானதாகத் தோன்றும். கடைக்காரரும் நாமும் இதில் ஒருசேர ஏமாறுகிறோம். சாதாரண மல்ட்டிமீட்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும். கைப்பேசியில் சேமித்த 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு டாக்குகளின் வால்யூமையும் 2 சதவீதத்துக்குள் சமமாக்கிவிட்டுப் பிறகு கேளுங்கள். மீட்டரின் ஒரே கம்பி அந்த இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவைச் சமமாக்கிய பிறகு, 300 வெள்ளி டாக்குக்கும் 3,000 வெள்ளி டாக்குக்கும் இடையே நான் கேட்ட வேறுபாடு பாதிக்கும் மேல் மறைந்துபோனது.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் விலையோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கூடவே வரும் அடாப்டர் நம் 230 வோல்ட்டுக்கும் மூன்று முனைச் செருகிக்கும் உரியதா, அதில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளூர்க் கடையில் வாங்கினால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் துணை நிற்கிறது: ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள், டாக்கை முதலில் இயக்கி வால்யூமை மைனஸ் 60க்கு இறக்கிவிட்டு, அதன் பிறகே ஆம்பை இயக்குங்கள். அணைக்கும்போது ஆம்ப் முதலில், டாக் பிறகு. நடுவில் ஒரே குரல் நிற்கும் பதிவு ஒன்றை, ஒலி 96.8 வானொலியின் செய்தி வாசிப்பானாலும் சரி, ஓடவிட்டு, வால்யூமை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கேட்கும் கடைசி நிலைவரை குரல் இடமோ வலமோ நகரக் கூடாது. நகர்ந்தால், பெட்டியையும் ரசீதையும் தூக்கிப்போடாமல், மறுநாளே கடைக்குச் செல்லுங்கள்.