சி.எம்.எல். என்று அறிக்கை வந்தால்: முதல் ஓராண்டுக் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இருப்பது சி.எம்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது வந்தால், "எந்த வகை என்று போட்டிருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். சி.எல்.எல். என்ற இன்னொரு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்றால் பலருக்கு உடனே மருந்தே தேவைப்படாது, கண்காணித்து வருவார்கள். சி.எம்.எல். என்றால் தாமதிக்காமல் மாத்திரை தொடங்க வேண்டும். நான் எழுதுவது இதற்குத்தான்.

முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தநோய் நிபுணரைப் பார்த்துவிடுங்கள். தொடக்க அளவுகளை அப்போதுதான் எடுக்க முடியும். என்னைப் படுக்க வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, அடிவயிற்றிலிருந்து விரல்களை மெல்ல மேலே நகர்த்தினார் மருத்துவர். மண்ணீரலின் முனை தட்டுப்பட்ட இடத்தில் பேனாவால் கோடு போட்டார். இடது விலா விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரை டேப் வைத்து அளந்தார். அந்த சென்டிமீட்டர், வயது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை, முதிராத அணுக்களின் சதவீதம் ஆகிய நான்கையும் வைத்துத்தான், நோயின் ஆபத்து எவ்வளவு என்று கணிக்கும் சோக்கல் மதிப்பெண்ணைப் போடுகிறார்கள். மருந்து வேலை செய்ய ஆரம்பித்தால் மண்ணீரல் சுருங்கிவிடும். பிறகு அளந்து என்ன பயன்? இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துக் குரோமோசோம் பார்ப்பதும் அப்போதே நடக்க வேண்டும். வலிக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூரில் நிபுணர்கள் இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.க்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போவதானால், மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுமுன் ரயில்வே கட்டணச் சலுகைக்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு.

பெரும்பாலும் இமாட்டினிப் என்ற மாத்திரையை 400 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதே மருந்தின் வணிகப் பெயரான கிளிவெக்கின் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்ததால், இந்திய நிறுவனங்களின் மாத்திரை நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டிக்கொண்டு வரும். காலையில் கண்ணிமை வீங்கும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். இவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். காசநோய், வலிப்பு மருந்துகள் சில இதன் வேலையைக் கெடுக்கும். நாட்டு மருந்து எடுத்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள், கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே நிபுணரிடம் பேச வேண்டும்.

இனி கணக்கு. தொடக்கத்தில் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்ப்பார்கள். இதை ஊரிலேயே செய்து, அறிக்கையைப் படம் பிடித்து நிபுணருக்கு அனுப்பலாம். நியூட்ரோபில் என்கிற வெள்ளையணு 1,000க்குக் கீழோ தட்டணு 50,000க்குக் கீழோ இறங்கினால் அன்றே அழையுங்கள். மருந்தைச் சில நாள் நிறுத்தி வைப்பதா என்று அவர் சொல்வார். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலும், ரத்தக்கசிவோ மூச்சுத்திணறலோ வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

உயிர்நாடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பி.சி.ஆர்.–ஏ.பி.எல். (BCR-ABL) அளவுப் பரிசோதனை; இந்த நோயை உண்டாக்கும் மரபணு ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். மூன்றாம் மாதம் 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, ஆறாம் மாதம் 1, பன்னிரண்டாம் மாதம் 0.1. கணக்கப்பிள்ளைக்கு இதைவிட வசதியான இலக்கு கிடையாது: தசமப் புள்ளி நகர்கிறதா என்று பார்த்தால் போதும். அறிக்கையில் சர்வதேச அளவுகோலைக் குறிக்கும் 'ஐ.எஸ்.' இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகத்தில் கொடுங்கள். இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். ரத்தம் ஆய்வகத்துக்குச் சீக்கிரம் போய்ச்சேர வேண்டும். நாள் கடந்தால், சோதனைக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருள் அதில் சிதையும். சனிக்கிழமை கொடுத்து, குழாய் ஞாயிறெல்லாம் கிடக்கும்படி விடாதீர்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை கொடுங்கள். வண்டி எத்தனை மணிக்குக் கீழே இறங்குகிறது என்று கேளுங்கள். கேட்டால் முறைப்பார்கள், முறைக்கட்டும். முடிந்தால் கோவைக்கே போய்க் கொடுங்கள். மார்கழிக் குளிரில் நரம்பு தட்டுப்படாது. சூடான தேநீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் இரு கைகளாலும் பிடித்திருந்துவிட்டு நீட்டினால் ஒரே குத்தில் வேலை முடியும்.

எண் இறங்கவில்லையென்றால் மருத்துவர் முதலில் கேட்பது மாத்திரை விட்டுப்போனதா என்பதை. உண்மையைச் சொல்லுங்கள். ஒழுங்காக விழுங்கியும் இறங்கவில்லையென்றால், மரபணுத் திரிபு இருக்கிறதா என்று சோதித்து டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். டி315ஐ என்ற திரிபு இருந்தால் அவையும் பலிக்காது. அதற்குத் தனி மருந்து உண்டு. இதையெல்லாம் முடிவு செய்ய நிபுணர் வேண்டும்.

ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் மருந்து மேலே வராது. புரட்டாசியிலேயே ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, ஈரம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஒருவேளை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள். வழக்கமான ஒன்றே போதும். தவறிய தேதியை நோட்டில் குறித்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.