டம்ளரில் ரெசின் குழி விழாமல் இருக்க

ஸ்டீல் டம்ளரில் ஆல்கஹால் இங்க் சொட்டி, கிளிட்டர் தூவி, மேலே எபாக்ஸி ரெசின் என்னும், இறுகிப் பளபளக்கும் பிசினைப் பூசுவது பார்க்கச் சுலபம்தான். காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசை. அது பட்ட இடத்தில் ரெசின் ஒட்டாமல் விலகி, வட்டக் குழியாக நிற்கும். அதனால் முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதன்பின் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் டேப் ஒட்டிவிடுங்கள். வாய் படும் இடத்தில் ரெசின் கூடாது.

இங்க் நன்றாகக் காயட்டும். ஈரமாக இருக்கும்போது ரெசின் ஊற்றினால் வண்ணம் கலங்கும். குமிழி போக கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டினாலோ ஆல்கஹால் பற்றிக்கொள்ளும்!

ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் கண்ணளவில் ஊற்றாதீர்கள். பாட்டிலில் 1:1 என்றிருந்தால் அது எடையா, கொள்ளளவா என்றும் பாருங்கள். கப்பின் ஓரம், அடி எல்லாம் வழித்து 3 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். ஒருமுறை நான் அவசரப்பட்டதில், டம்ளரின் ஒரு பக்கம் கடைசிவரை பிசுபிசுவென்றே இருந்தது.

பூசியதும் நிமிர்த்தி வைத்தால் ரெசின் வழிந்து அடியில் முண்டு கட்டும். சுழலும் மோட்டாரில் படுக்கவாட்டில் மாட்டி, இறுகும்வரை சில மணி நேரம் சுற்றவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். மழைநாளில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள், ஈரக்காற்றில் பளபளப்பு மங்கிவிடும்.