கழுத்து இழுப்புக்கு ஊசி: அவசரப்பட்டால் வரும் தவறுகள்

தலை தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், வலிக்கும். இது கழுத்து டிஸ்டோனியா. கோளாறு மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில் இருக்கிறது, இது சுளுக்கு அல்ல. சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைத் திருகுபவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். தாடையை விரலால் தொட்டதும் தலை கொஞ்சம் நேராகிறதென்றால், நடிக்கிறார் என்று வீட்டில் நினைக்கவும் வேண்டாம். அது இந்த நோய்க்கே உரிய அடையாளம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு எடுத்த பிறகு திடீரென்று கழுத்து இழுத்தால் அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த நோய்க்குத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் என்ற மருந்தை ஊசியாகப் போடுவார்கள். மாத்திரையே போதும், ஊசி எதற்கு என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். 1996இல் நெதர்லாந்தில் 66 பேரிடம் ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரையையும் போட்டுலினம் ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஊசிதான் கூடுதல் பலன் தந்தது, பக்கவிளைவும் குறைவு.

சரி, ஊசி போட்டாயிற்று. நான்காம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று மனம் உடைந்துவிடாதீர்கள். நரம்பு முனையில் தசைக்குக் கட்டளை கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேறுவதைத் தடுத்துத்தான் இந்த மருந்து தசையைத் தளர்த்துகிறது. பலன் தெரிய ஓரிரு வாரம், உச்சத்துக்கு வர ஒரு மாதம் போல ஆகும். சுமார் மூன்று மாதத்தில் மங்கும். அதற்குள் "இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்று கேட்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்புப் புரதம் உருவாக்கி, மருந்தே பலிக்காமல் போகலாம். போட்டாக்ஸ் என்ற போட்டுலினம் மருந்தின் பழைய தயாரிப்பில் புரதச் சுமை அதிகம் இருந்ததால் இது கூடுதலாக நடந்தது. 1997 வாக்கில் வந்த புதிய தயாரிப்பில் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் 12 வார இடைவெளியைச் சுருக்காதீர்கள்.

அடுத்தது யூனிட் குழப்பம். டிஸ்போர்ட், ஸியோமின் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் போட்டுலினம் மருந்துகள். டிஸ்போர்ட்டின் தொடக்க அளவு 500 யூனிட், ஸியோமினுக்கு 120. முதலாவது நான்கு மடங்கு வலுவானது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் யூனிட்டும் தனி அளவு. ஒன்றை மற்றொன்றாகக் கணக்குப் போட்டு மாற்றக் கூடாது.

முதல் ஊசி சரிவரவில்லையா? மருந்தைக் குறை சொல்லும் முன், எந்தத் தசையில் போட்டார்கள் என்று கேளுங்கள். கழுத்தில் ஆழத்தில் கிடக்கும் தசைகள் தப்பிவிடும். தசை மின்பதிவோ அல்ட்ராசவுண்டோ வைத்துப் போட்டால் குறி தவறுவது குறையும். மருந்தின் பெயர், யூனிட், தசை, பலன் தெரிந்த நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம், ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.