தடுப்பூசிக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊசி போட்ட கையோடு கிளம்பிவிடுவதுதான் முதல் தவறு. கடும் ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்; மயங்கி விழுவது அதற்கும் முன்பே. 15 நிமிடம் உட்கார்ந்தே இருங்கள். முன்பு ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் 30 நிமிடம். கடும் ஒவ்வாமைக்கான அவசர மருந்தான அட்ரினலின் அங்கேதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

காய்ச்சல் வருமுன்பே குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். அப்படிக் கொடுத்த கைக்குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகளின் எதிர்ப்பொருள் குறைவாக உருவானதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. (மருத்துவரே முன்கூட்டிக் கொடுக்கச் சொல்லும் ஊசி ஒன்றிரண்டு உண்டு, அது வேறு.)

காய்ச்சல் வந்தபின் பாராசிட்டமால் கொடுக்கும்போது பெரிய குளறுபடி அளவில்தான். கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு. 6 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 60 முதல் 90 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்று போட்டிருந்தால் 2.5 மி.லி. கொடுத்தால் 60 மி.கி. ஆகிறது. டிராப்ஸிலோ பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப் நினைப்பில் டிராப்ஸை 2.5 மி.லி. புகட்டினால் 250 மி.கி. உள்ளே போய்விடும், நாலு மடங்குக்கும் மேல்! அதனால் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். சமையலறைக் கரண்டியில் அளக்காதீர்கள். இரு வேளைக்கு இடையே 4 முதல் 6 மணி நேரம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே மருந்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்தது, தேதியைக் குறிக்காமல் விடுவது. "ஊசி போட்டோம், காய்ச்சல் வந்தது" என்பதை வைத்து மருத்துவரால் எதையும் சொல்ல முடியாது. முத்தடுப்பூசிக் (டிபிடி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னிக்கானது) காய்ச்சல் முதல் நாளே வந்து இரண்டொரு நாளில் அடங்கிவிடும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசி) காய்ச்சலும் தடிப்பும் 6 முதல் 12 நாள் கழித்துத்தான் தலைகாட்டும். பத்தாம் நாள் காய்ச்சல் இதில் எதிர்பார்த்ததே. முத்தடுப்பூசிக்குப் பின் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். ஊசியின் பெயர், தொகுதி (பேட்ச்) எண், போட்ட நேரம், தொந்தரவு தொடங்கிய நேரம் நான்கையும் எழுதி வையுங்கள்.

போட்ட இடத்தைத் தேய்க்கவோ சூடு வைக்கவோ வேண்டாம், ஈரத்துணி போதும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடத்தில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து சீழ் வைப்பது இயல்பு, பிதுக்காதீர்கள்.

கைவலி இரண்டு மூன்று நாள் இருக்கலாம். வாரக்கணக்கில் கையைத் தூக்க முடியாவிட்டால் ஊசி மிக மேலே, மூட்டருகே இறங்கியிருக்கக்கூடும், காட்டிவிடுங்கள். மூச்சுத்திணறல், முகவீக்கம், வலிப்பு, 3 மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.