மஞ்சள் மாத்திரையில் குளோர்பெனிரமின் எவ்வளவு? புறஊதா ஒளியில் அளக்கும் முறை

ஒவ்வாமைக்குத் தரும் குளோர்பெனிரமின் மாலியேட் 4 மி.கி. மாத்திரையை, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் புறஊதா நிறமாலைமானியில் முதன்முதலில் அளந்தபோது எனக்கு 5 மி.கி. வந்தது. எடையைச் சரிபார்த்தேன், குடுவையை மாற்றினேன். விடை அசையவில்லை. காரணம், மாத்திரையின் மஞ்சள் நிறம். டார்ட்ரசின் சாயம் 427 நானோமீட்டரில் மட்டுமல்ல, 257-க்குப் பக்கத்திலும் ஒளியை உறிஞ்சும். மருந்தை அளப்பதோ 265-இல். சாயத்தையும் சேர்த்து மருந்தென்று கணக்கிட்டிருக்கிறேன்.

அதனால் முதல் வேலை பிரித்தெடுப்பது.

20 மாத்திரைகளை எடை போட்டுப் பொடியாக்குங்கள். 4 மி.கி. மருந்துக்குச் சமமான பொடியை 0.05 மோலார் கந்தக அமிலம் 20 மி.லி.யில் ஐந்து நிமிடம் குலுக்கி, வடிகட்டிப் பிரிபுனலில் (அடியில் குழாய் உள்ள, அடுக்குகளைப் பிரிக்கும் புனல்) விடுங்கள். வடிதாளைக் கொஞ்சம் அமிலத்தால் கழுவி அதையும் சேருங்கள். இனி சோடியம் ஹைட்ராக்சைடு: காரமாக்கினால்தான் மருந்து உப்பு வடிவை விட்டு நீரிலிருந்து வெளியே வரும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மருந்தின் பி.கே.ஏ. (பாதி உப்பாகவும் பாதி தனியாகவும் இருக்கும் பி.எச்.) சுமார் 9.2, பி.எச். 9-இல் நிறுத்தினால் பாதிக்கு மேல் உப்பாகவே நீரில் தங்கிவிடும். நான் 11-ஐத் தாண்டாமல் நிறுத்துவதில்லை.

பிறகு ஒவ்வொரு முறையும் புது ஹெக்சேன் ஊற்றி மூன்று முறை குலுக்குங்கள். ஒவ்வொரு முறையும் புனலைக் கவிழ்த்துக் குழாயைத் திறந்து ஆவியை வெளியேற்றுங்கள். அருகில் தீ கூடவே கூடாது. அடுக்குகள் பிரியும்போது பாருங்கள்: கீழே நீர் மஞ்சளாக, மேலே ஹெக்சேன் கண்ணாடி போல. டார்ட்ரசின் ஒரு சல்ஃபோனேட் சாயம், காரநீரை விட்டு வராது; மருந்தோடு உப்பாகச் சேர்ந்திருந்த மாலியேட்டும் அப்படியே. ஈதரும் பயன்படும், ஆனால் எனக்கு ஹெக்சேன்தான் பிடிக்கும். ஈதர் நீரில் ஓரளவு கரைவதால் அடுக்கின் அளவே மாறிவிடுகிறது.

மூன்று ஹெக்சேன் பகுதிகளையும் ஒன்றாக்கி, புனல் தண்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் துளி போகக் கொஞ்சம் நீரால் கழுவுங்கள். அடுத்து 0.25 மோலார் கந்தக அமிலத்தால் மூன்று முறை குலுக்கினால் மருந்து அமிலத்துக்கு இறங்கிவிடும். இப்போது நமக்கு வேண்டியது கீழ் அடுக்கு. சேர்த்து, அதே அமிலத்தால் 200 மி.லி. ஆக்குங்கள்.

குவார்ட்ஸ் குவெட் (கரைசலை ஊற்றி ஒளி செலுத்தும் சிறு கலம்), பிளாங்காக (மருந்தில்லாத ஒப்பீட்டுக் கரைசலாக) அதே அமிலம், 265 நானோமீட்டர். 100 மி.லி.யில் 1 கிராம் குளோர்பெனிரமின் மாலியேட் கொண்ட கரைசலுக்கு 1 செ.மீ. குவெட்டில் உறிஞ்சல் 212 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். என் இரண்டாம் முயற்சியில் 0.415 வந்தது. 0.415 ÷ 212 = 0.001958 கிராம்/100 மி.லி.; 200 மி.லி.க்கு 3.92 மி.கி., அதாவது 98 சதவீதம்.

சிறுநீரில் உள்ள மருந்தை அளக்கவும் இதே வழிதான், ஆனால் வேகமாகக் குலுக்கினால் இரு அடுக்கும் கலந்து பால் போலாகிவிடும். மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுங்கள்; பிரியாவிட்டால் சென்ட்ரிஃபியூஜ். மருந்து கலக்காத சிறுநீரையும் இதே படிகளில் கொண்டுபோய் அதையே பிளாங்காக வையுங்கள். தரக்கரைசல்களையும் (ஒப்பிடுவதற்கான, மருந்தின் அளவு தெரிந்த கரைசல்கள்) சிறுநீரிலேயே தயாரியுங்கள்.

பின்சேர்க்கை: மருந்து உட்கொண்டவரின் சிறுநீரை அளந்தவர்களுக்கு அளவு கூடுதலாக வருகிறதாம். உடலுக்குள் மருந்து மாறி உண்டாகும், மெத்தில் இழந்த வளர்சிதைப் பொருள்களும் ஹெக்சேனுக்கு வரும், ஏறக்குறைய அதே இடத்தில் உறிஞ்சும். கிடைப்பது மொத்த அளவு என்றே எழுதுங்கள். இரத்தப் பிளாஸ்மாவில் வழக்கமான வேளைமருந்துக்குப் பிறகு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம்தான் இருக்கும். அதை இந்தக் கருவியால் பிடிக்க முடியாது, எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) முறைக்குப் போங்கள்.